குட்டி யானை மேல் ஒரு வீடு

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கடை. சரக்கு எடுக்க ஒரு சின்ன பிக்கப் வைத்திருக்கிறார். யூ-டியூபில் ஒரு அமெரிக்கர், தன் பிக்கப்பின் முதுகில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, அதற்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அடக்கிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுவதைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். 'நாமக்கல் பட்டறையில் கொடுத்தால் மூணே வாரத்தில் கட்டிக் கொடுத்துடுவாங்க. கட்டலாமா, வேண்டாமா? சாதக பாதகம் ரெண்டையும் சொல்லுங்க' என்கிறார்.

வேண்டாம் சார். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம்தான் கொஞ்சம் நீளம்.

நாமக்கல்லில் கட்ட முடியுமா என்பது கேள்வியே இல்லை. முகப்பும் ஸ்டியரிங்கும் மட்டும் உள்ள சேஸிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிவரும் டிரைவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எலும்புக்கூட்டை வாங்கி, மரமும் தகடும் போட்டு லாரியாக்கி அனுப்பிய ஊர் அது. பெட்டி கட்டுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. கட்டிய பிறகு அதைத் தூக்கப்போவது உங்கள் வண்டி. பிரச்னை அங்கேதான் ஆரம்பம்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. வந்த வேகத்தில் 'குட்டி யானை' என்று பெயரும் வாங்கியது. யானை என்று சொன்னோமே தவிர, அந்த முதல் வண்டிக்கு 702 சி.சி., ரெண்டு சிலிண்டர், 16 குதிரை சக்தி. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 1,550 கிலோ. அதில் சரக்கு மட்டும் கிட்டத்தட்ட முக்கால் டன். இப்போது கணக்குப் போடுவோம். இரும்புச் சட்டம், பிளைவுட், மேலே தகடு என்று எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும் பெட்டி 350 கிலோ வந்துவிடும். நாலு பேர் ரெண்டு நாள் குடிக்க, கழுவ, அரைகுறையாய்க் குளிக்க 100 லிட்டர் தண்ணீர், அதாவது 100 கிலோ. பேட்டரி ரெண்டு, 110 கிலோ. நாலு பேரும் ஒல்லி என்றே வைத்துக்கொள்வோம், 240. மெத்தை, பாத்திரம், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், துணிமணி, அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்கு டின் எல்லாம் சேர்த்து 150. கூட்டிப் பாருங்கள், 950. வண்டி இன்னும் வாசலை விட்டே நகரவில்லை. அதற்குள் 200 கிலோ ஓவர்லோடு.

'என்னுது தோஸ்த் சார், ஒன்றேகால் டன் தூக்கும்' என்பீர்கள். சரி, எடையில் பாஸ். உயரத்தில்?

அரிசி மூட்டை ஏற்றினால் கனமெல்லாம் கீழே கிடக்கும். வீடு கட்டினால் கனம் நின்றுகொண்டிருக்கும். கூரை, கூரை மேல் சோலார் தகடு, தலைக்கு மேல் அலமாரி, அலமாரியில் பாத்திரம். தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் ஒரு கனத்தை வைத்துக்கொண்டு, ஐந்தடிச் சொச்ச அகலத்தில் நாலு சக்கரத்தை ஊன்றி, கொல்லிமலைக்குப் போகிறீர்கள். 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு என்றால் 20. அவ்வளவு தூரம் போவானேன்? தர்மபுரியிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கம் இருக்கிறதே, சாதா லாரிகளே அங்கே என்ன பாடுபடுகின்றன என்று சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வழிச் சாலையில் ஒரு ஆம்னி பஸ் உரசினாற்போல் முந்தும்போது, பக்கவாட்டில் அந்தப் பெட்டி காற்று வாங்கும். பாய்மரம் கட்டிய படகு மாதிரி.

அடுத்து வெயில். அமெரிக்கப் பெட்டிக்குப் பிறந்த ஊர் வேறு. நம் ஊரில் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி சர்வசாதாரணம். பகலெல்லாம் காய்ந்த தகடு ராத்திரி பத்து மணிக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஏ.ஸி. போடலாமே என்றால், ஒரு டன் ஏ.ஸி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் கேட்கும். நின்று நின்று ஓடினாலும் ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஏ.ஹெச். பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால்கூட 1.8 யூனிட்தான். அதையும் அடி வரை வழித்துக் குடித்தால் சீக்கிரமே செத்துப்போகும். ஆக, நாலு பேட்டரியாவது வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். மறுபடி முந்தின பாராவுக்கு முந்தின பாராவுக்குப் போய் 950-ஐத் திருத்திக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி எடை குறைவுதான். விலையைக் கேட்டால் ஏற்காட்டில் எத்தனை நாள் ரூம் போடலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நியாயமாக, சாதகத்தையும் சொல்ல வேண்டும். ரூம் தேடி அலைய வேண்டாம், நாய்க்குட்டியையும் கூட்டிப் போகலாம், விடிந்தால் ஜன்னலுக்கு வெளியே அருவி என்பதெல்லாம் வீடியோவில் வருகிற சாதகங்கள். எனக்கு அவை பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு சாதகத்துக்கு முன்னால்தான் வாயை மூடிக்கொள்கிறேன்: பெண்களுக்கு ஒரு கக்கூஸ். சேலத்திலிருந்து சென்னை வரை காரில் போகிற ஒரு பெண்மணி, கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். சர்க்கரை வியாதி உள்ள மாமியார்கள் வெளியூர்க் கல்யாணங்களையே தவிர்த்துவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறையைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது எண்ணெய் கம்பெனிகளின் விதி. எத்தனை பங்க்கில் அந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். கிலோமீட்டர் கல் கணக்கில் ஒப்பிப்பார்கள்.

ஆனால் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கக்கூஸ் அந்தப் பிரச்னையைத் தீர்ப்பதில்லை, ஒரு நாள் தள்ளிப்போடுகிறது. அடியில் இருபது லிட்டர் டப்பா ஒன்று இருக்கும். அது நிறையும். நிறைந்தால் எங்கே கொட்டுவீர்கள்? அமெரிக்காவில் அதற்கென்று இடம் கட்டிவைத்திருக்கிறான். இங்கே? இருட்டிய பிறகு ஏதாவது ஓடையோரம் வண்டி நிற்கும். ஏற்காட்டு மலையில் சுத்தமாகப் பிறந்து, சேலத்துக்குள் நுழைந்த பிறகு சாக்கடையும் சாயமும் சுமக்கிற திருமணிமுத்தாறுக்கு உங்கள் டப்பாவும் ஒன்று கூடுதலாக வேண்டுமா?

கட்டுகிற உற்சாகத்தில் எல்லாரும் மறந்துபோவது சட்டத்தை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அடித்துச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் ஏறியது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். 'மோட்டார் கேரவன்' என்று முறையாகப் பதிவு செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதித் தொகுப்பே இருக்கிறது. ஆனால் அது அங்கீகாரம் வாங்கித் தயாரிக்கிறவர்களுக்கான ராஜபாட்டை. தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டு நுழைகிற சந்து இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், ஓடும்போது பெட்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. உங்கள் வண்டி சரக்கு வண்டி. அதன் முதுகில் உங்கள் அம்மாவே உட்கார்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் சரக்கு வண்டியில் ஏறிய ஓசிப் பயணி. அப்படிப் பயணம் செய்பவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. இது நமக்குப் புதிதா என்ன? குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகும்போது மினி லாரியில் ஜமக்காளம் விரித்து, பாட்டியை நடுவில் உட்கார வைத்து, அண்டாவையும் குண்டாவையும் ஓரத்தில் அடுக்கிக்கொண்டு போகிறோமே, அதுதான் நம் ஊரின் பாரம்பரிய கேரவன். அது கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும். பணம் வராது.

இதற்கிடையில் ஒரு தமாஷ். மஹிந்திராவில் 'பொலேரோ கேம்பர்' என்றே ஒரு வண்டி உண்டு. ரெண்டு வரிசை ஸீட், பின்னால் கொஞ்சம் சரக்குத் தொட்டி. பேர்தான் கேம்பர். அதில் கட்டிலும் கிடையாது, ஒரு தலையணைகூடக் கிடையாது.

இந்த ஆசையை உலகம் முழுக்கப் பரப்பியதில் ஒரு நாவலாசிரியருக்கும் பங்கு உண்டு. ஜான் ஸ்டெயின்பெக், 1960-ல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் மேல் வீடு கட்டச் சொல்லி, டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோஸினான்டேயை அதற்கு வைத்து, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962-ல் புத்தகம் வந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது. வண்டி இப்போது கலிஃபோர்னியாவில், அவர் பிறந்த சலினாஸ் ஊரின் மியூசியத்தில் நிற்கிறது. ஐம்பது வருஷம் கழித்து, 2010-ல் பில் ஸ்டெய்கர்வால்ட் என்ற பத்திரிகைக்காரர் அதே வழியில் போய் நாள்வாரியாகச் சரிபார்த்தார். ஸ்டெயின்பெக் நிறைய ராத்திரிகளைக் கழித்தது வண்டியில் இல்லை. ஹோட்டல், மோட்டல், நண்பர்கள் வீடு இப்படித்தான் என்று கண்டுபிடித்து எழுதினார். பிக்கப் வீட்டின் ஆதிமூலமே கட்டில் தேடி ஹோட்டலுக்குப் போயிருக்கிறார் சார்.

சின்ன வண்டி வீடு நிஜமாகவே நடக்கிற தேசம் ஜப்பான். அங்கே 'கேய்' என்று ஒரு வகை. எஞ்ஜின் 660 சி.சி.க்கு மேல் கூடாது. சரக்கு 350 கிலோவுக்கு மேல் கூடாது. நம் குட்டி யானைக்கும் குட்டி. அதன் மேல் பெட்டி வைத்துக்கொண்டு, ரிட்டயரான கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போகிறார்கள். எப்படி முடிகிறது? வண்டியால் இல்லை, சாலையால். 1993-லிருந்து ஜப்பான்காரர்கள் 'மிச்சி நோ எகி' என்று சாலையோர நிலையங்கள் கட்டிவருகிறார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 1,200-க்கு மேல். இலவச பார்க்கிங், சுத்தமான கழிப்பறை, இருபத்து நாலு மணி நேரமும். பக்கத்திலேயே அந்த ஊர் விவசாயிகளின் காய்கறிக் கடை. (உழவர் சந்தையும் ஹைவே கழிப்பறையும் கல்யாணம் செய்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படி.) அங்கேயே ராத்தங்கல் போடாதீர்கள், இது இளைப்பாறத்தான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் களைத்தவன் கண்ணயர இடம் இருக்கிறது. வண்டியில் இல்லாத பாத்ரூமும் தண்ணீரும் சாலையில் இருப்பதால்தான் வண்டி 350 கிலோவில் முடிகிறது.

நாம் சாலையை அப்படியே விட்டுவிட்டு, சாலையில் இருக்க வேண்டியதையெல்லாம் வண்டி மேல் ஏற்றப் பார்க்கிறோம். காசு இருக்கிறவர் தண்ணீர், கழிப்பறை, நிழல், பாதுகாப்பு எல்லாவற்றையும் தன் பெட்டிக்குள் கொண்டுபோகிறார். இல்லாதவர் புளியமரத்தடியில் ஒதுங்குகிறார். வீட்டுக்கு வீடு போர் போட்டுக்கொண்டு பொதுக் குழாயை மறந்தோமே, அதே கதை இப்போது சக்கரம் கட்டிக்கொண்டு வருகிறது. இதுதான் எனக்குக் கோபம்.

ஏனென்றால் வண்டியில் வாழ்வது எப்படி என்று அமெரிக்கர் யாரும் நம் பக்கத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டி.என். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. இந்த நம்பர் பிளேட்டுகளைக் குஜராத்திலும் அஸ்ஸாமிலும் பார்க்கலாம். வாரக்கணக்கில், சமயத்தில் மாசக்கணக்கில், அந்த டிரைவருக்கு கேபின்தான் வீடு. ஸீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைதான் கட்டில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் துளை போடும் இயந்திரம், கூட வரும் வண்டியில் குழாய்கள், டீசல், அரிசி, பாத்திரம், ஆட்கள். மத்தியப் பிரதேசத்தில் முன்பின் தெரியாத ஒரு கிராமத்து வயலில் சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்து, அந்த ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். இவர்களை யாரும் வீடியோ எடுத்துப் பின்னணியில் கிடார் வாசிப்பதில்லை. திரும்பிப் போக ஏ.ஸி. பெட்ரூம் இருக்கிறவனுக்குத்தான் வண்டி வாழ்க்கை சாகசம்.

இந்தியாவில் லாரி கேபினுக்கு ஏ.ஸி. கட்டாயமானது எப்போது தெரியுமா? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு. சரக்கோடு காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போல டிரைவரும் காய்ந்து வதங்கிய எத்தனையோ வருஷங்களுக்கு அப்புறம். அதிலும் ஒரு ஓட்டை: சட்டம் என்-2, என்-3 வகைகளுக்குத்தான். அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேலே போனால்தான். அதற்குக் கீழே? குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், உங்கள் வண்டி உட்பட, எல்லாம் வெளியே. சின்ன வண்டி சின்ன தூரம்தானே போகும் என்று டெல்லியில் யாரோ நினைத்திருக்கலாம். சேலத்து மாம்பழம் ஏற்றிய பிக்கப் ராத்திரியோடு ராத்திரியாக எவ்வளவு தூரம் போகிறது என்று லீ பஜாரிலோ மார்க்கெட்டிலோ விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். பெரிய லாரியிலாவது படுக்கப் பலகை உண்டு. சின்ன வண்டியில் அதுவும் இல்லை. சரக்கு இறக்கிய பின் காலித் தொட்டியில் தார்ப்பாயை விரித்துப் படுப்பார். சரக்கு இருந்தால் ஸ்டியரிங் மேல் தலை.

சூரமங்கலம் உழவர் சந்தைக்கு ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். கத்திரிக்காயும் கீரையும் கொண்டுவந்த வண்டிகள் நிற்கும். அதில் ஒரு டிரைவரிடம், 'ஏனுங்க, காலைல குளிக்கிறது, மத்ததெல்லாம் எங்கீங்க?' என்று கேளுங்கள். நீங்கள் கட்டப்போகிற பெட்டியின் அத்தனை சாதக பாதகமும் அவர் பதிலில் இருக்கும்.

நிறுத்த இடம் இல்லாததன் விலை என்ன என்பதும் நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2023 செப்டம்பரில், சங்ககிரி அருகே சாலையோரம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் விடிகாலையில் ஒரு ஆம்னி வேன் மோதி, ஒரே குடும்பத்தில் குழந்தை உட்பட ஆறு பேர் செத்துப்போனார்கள். கேரவன் கட்டி முடித்தபின் நீங்களும் ராத்திரியில் எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்? அதே சாலையோரத்தில்தானே?

2024 பிப்ரவரியில் பிரதமர், தேசிய நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக முதல் கட்டமாக 1,000 ஓய்வுக் கட்டடங்கள் வரும் என்று அறிவித்தார். எண்ணெய் கம்பெனிகள் சில பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் படுக்கை, குளியலறை, தாங்களே சமைத்துக்கொள்ள இடம் என்று திறந்திருக்கின்றன. நல்ல காரியம். பேரைத் தமிழில் எழுதிவைத்தால் நம் ஊர் டிரைவர் அது தனக்குத்தான் என்று தைரியமாக உள்ளே போவார். ஆனால் இதெல்லாம் பெரிய சாலைக்கு. சந்தை வாசலில், ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கத்தில், ஊருக்குள் சரக்கு இறக்க ராத்திரி காத்திருக்கும் சின்ன வண்டிக்காரருக்கு இடம் தர வேண்டியது மாநகராட்சி. ஒரு குழாய், நாலு குளியலறை, பெண்களுக்குத் தனியாக ரெண்டு, மேலே ஒரு கொட்டகை, காவலுக்கு ஒரு ஆள். வீடியோவில் வருகிற பெட்டிகளில் ஒன்றிரண்டின் விலைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கடைக்காரர், வியாபாரிகள் சங்கத்தில் இருப்பீர்கள், வார்டு கவுன்சிலரையும் தெரிந்திருக்கும். பட்டறைக்கு மூணு வாரம் அலையத் தயாராக இருக்கிறீர்களே, அந்த மூணு வாரத்தை இதற்குக் கொடுத்துப் பாருங்களேன்.

நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. வெயில் இறங்காத கூரை, மடக்கிப் படுக்கும் பலகை, கால் நீட்ட இடம் இவையெல்லாம் உள்ள ஒரு சின்ன வண்டி கேபினை அவர்களால் வரைந்து காட்ட முடியும். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி கம்பெனி இன்ஜினீயர்களுக்குத் தெரியாது. தயாரிப்பாளர்கள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மூன்றரை டன் கோட்டைக் கீழே இறக்கச் சொல்லி லாரி உரிமையாளர் சங்கங்கள் டெல்லியில் கத்த வேண்டும். டீசல் விலைக்கும் டோல் கட்டணத்துக்கும் கத்துகிற தொண்டைதானே.

இவ்வளவுக்கு அப்புறமும் ஆசை விடவில்லை என்றால், ஒரு வழி சொல்கிறேன். வண்டியில் எதையும் வெல்டு செய்யாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். மடக்குகிற கட்டில் ரெண்டு, கொசுவலை, கழற்றி மாட்டும் தார்ப்பாய்க் கூடாரம், இருபது லிட்டர் கேன் ரெண்டு. எல்லாம் சேர்த்து 100 கிலோ தாண்டாது. வண்டி ஓடும்போது எல்லாரும் முன் ஸீட்டில். இடம் போதாதவர்கள் பஸ்ஸில். தெரிந்தவர் தோப்பிலோ, அனுமதி வாங்கிய கோயில் மைதானத்திலோ, கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுத் தொட்டியில் கட்டிலை விரியுங்கள். ஏற்காட்டில் டிசம்பரில் குளிரும், தார்ப்பாய் பத்தாது, கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, வழக்கம்போல் செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகலாம்.